சித்தப்பாவின் சோடா கம்பெனி

காலை ஆறரை மணி. சித்தப்பாவின் தோளில் துண்டு, கையில் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் கோடைக் கடைகளில் விற்கும் ரோஸ் சர்பத் நிறத்தில் இருந்தது.

"இதப் பாரு கண்ணு. திங்கக்கெழமதான் அரை லிட்டரு ஆசிட்டு ஊத்துனேன். இன்னிக்கு வியாழன். மறுபடியும் எட்டுக்குப் போயிருச்சு."

"வாரத்துக்கு எத்தன தடவைங்க சித்தப்பா ஊத்தறீங்க?"

"ரெண்டு தடவ. ரெண்டு வருசமா இதே பொழப்பு."

சித்தப்பா மில்லில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டாமுத்தூர் போகிற வழியில் பாக்குத் தோப்பை ஒட்டி வீடு கட்டியபோது, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குதிக்கட்டுமே என்று பின்பக்கம் ஒரு நீச்சல் குளத்தையும் கட்டிவிட்டார். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் சராசரியாக ஒன்றேகால் மீட்டர். பெருக்கினால் 40 கனமீட்டர், அதாவது 40,000 லிட்டர். நிரப்பியது போர் தண்ணீர். கோவைப் பக்கம் அதற்கு உப்புத்தண்ணி என்று பெயர்; சிறுவாணி வந்தால்தான் அது நல்ல தண்ணி. குளத்தின் மூலையில் கருங்கல் அடுக்கி, மேலிருந்து தண்ணீர் கொட்டும்படி ஒரு குட்டி அருவியும் வைத்திருக்கிறார். கோவைக் குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வீட்டுக்குள்ளும் ஒன்று வேண்டும் என்பது அவருக்கு ஆசை. அந்த அருவிக்குப் பிறகு வருகிறேன். முதலில் குப்பிக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

நம் கல்யாண வீடுகளில் இதே சோதனை வாசற்படியில் நடக்கிறது. தாம்பாளத் தண்ணீரில் மஞ்சள் பொடியைக் கரைத்து, சுண்டுவிரல் நுனியளவு வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் தண்ணீர் சிவந்துவிடும், ஆரத்தி தயார். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும். வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதனால்தான். அப்படியானால் குளத்துக்கும் ஒரு சிட்டிகை மஞ்சள் போதாதா? போதாது. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, நிறம் மாறத் தொடங்குவதும் ஏழரை வாக்கில்தான். குளத்துக்காரருக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒவ்வொரு படியும் தெரிந்தாக வேண்டும். அந்த இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்த சாயம் ஃபீனால் ரெட். 6.8-இல் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். ஏழரையை நெருங்கும்போது ஆரஞ்சுக்கு வரும். 8.2-இல் சித்தப்பாவின் ரோஸ் சர்பத். ஆய்வகங்களில் செல் வளர்க்கும் திரவம் சிவப்பாக இருப்பதும் இதே சாயத்தின் உபயம்.

இந்த ஏழு, எட்டு என்கிற எண்களை உலகத்துக்குக் கொடுத்தது ஒரு பீர் ஆலை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875-இல் தனக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தை ஏற்படுத்தியது. அங்கே வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் சோரன் சோரன்சென். நொதிகள் எந்த அளவு அமிலத்தில் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தவருக்கு, லிட்டருக்கு 0.0000001 பங்கு ஹைட்ரஜன் அயனி என்றெல்லாம் எழுதிச் சலித்துப்போனது. 1909-இல் ஒரு கட்டுரையில், புள்ளிக்குப் பின் வரும் இடத்தை மட்டும் எண்ணிச் சொன்னால் போதும் என்று ஒரு வழி செய்தார். மேலே உள்ள எண் 7 ஆகிவிட்டது. பிஎச் பிறந்தது இப்படித்தான். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஒரு படி ஏறினால் ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்பதை அது மறைத்துவிடும். ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே "அரைதானே" என்று தோன்றும். அந்த அரைக்குள் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

எட்டுக்குப் போனால்தான் என்ன குடி முழுகிவிடும்? குளிக்கிறவர் தோலுக்கு எட்டு ஒன்றும் செய்யாது. நாம் தேய்க்கும் சோப்பு ஒன்பதைத் தாண்டும். அடி வாங்குவது குளோரின். கேனில் வரும் லிக்விட் குளோரின் ஆனாலும், பிளீச்சிங் பவுடர் ஆனாலும், வில்லை ஆனாலும் தண்ணீரில் விழுந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. இந்த மூலக்கூறின் ஓரத்தில் ஒரு ஹைட்ரஜன் தொற்றிக்கொண்டிருக்கும். அது ஒட்டியிருக்கும் வரை மூலக்கூறுக்கு மின்சுமை இல்லை. ஹைட்ரஜன் கழன்றுவிட்டால் எதிர்மின்சுமை கொண்ட ஹைப்போகுளோரைட் அயனி. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டது. சுமை இல்லாதது சவ்வுக்குள் நைசாக நுழைந்து உள்ளே நாசம் செய்யும். சுமை உள்ளதை வாசலிலேயே தள்ளிவிடும். கிருமியைக் கொல்வதில் முன்னதோடு ஒப்பிட்டால் பின்னதற்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு திறமைதான்.

ஹைட்ரஜன் ஒட்டியிருப்பதா, கழல்வதா என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 7-இல் நான்கில் மூன்று பங்கு குளோரின் வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். 7.5-இல் பாதி. 8-இல் கால். எட்டரையில் பத்தில் ஒன்று. சித்தப்பா ஊற்றிய கேன் ஒன்றுதான், கொடுத்த பணமும் ஒன்றுதான். ஆனால் திங்கட்கிழமை பாதிக் குளோரின் வேலை பார்த்தது. வியாழக்கிழமை கால் பங்குதான் பார்க்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின், பிஎச் 7.5, வெப்பம் 25 டிகிரி என்று வைத்தால் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும், ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை. கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி மட்டும் பத்து நாள் தாக்குப்பிடிக்கும். இத்தனையும் ஏழரைக்குச் சொன்ன கணக்கு. எட்டரைக்கு ஏறிவிட்டால் இந்த நிமிடங்களை நம்ப முடியாது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். டிசிசிஏ என்று விற்கும் வெள்ளை வில்லைகளில் சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருகிறது. வெயிலில் குளோரின் வீணாகாமல் அது கட்டிவைத்துக்கொள்ளும், வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். அது உள்ள குளத்தில் பிஎச் ஏறினாலும் வேலை செய்யும் குளோரின் இவ்வளவு செங்குத்தாக இறங்காது. ஆனால் அந்த அமிலம் ஆவியாகாது, வில்லை போடப்போட சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரினைக் கட்டிவைப்பதோடு சரி, அவிழ்த்துவிடுவது குறைந்துவிடும். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விடுவதுதான் அதற்கு வழி. சித்தப்பா வில்லை போடுவதில்லை, கேன்தான்.

எட்டு கெடுதல் என்றால் ஆறுக்கு இறக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஒரு கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் சார்லட்ஸ்வில் ஊரில் தினமும் பயிற்சி செய்த நீச்சல் குழுவினருக்குப் பல் கூசத் தொடங்கியது. பல்லின் எனாமல் கரைந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தவர்கள் குளத்து நீரை அளந்தபோது பிஎச் 2.7. ஆரஞ்சுச் சாறுகூட அவ்வளவு புளிக்காது. அங்கே சிலிண்டரிலிருந்து குளோரின் வாயுவை நேரே விட்டார்கள். வாயு தண்ணீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலத்தோடு சமஅளவு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அதைச் சமன் செய்யப் போட வேண்டிய சோடா சாம்பல் போதுமான அளவு விழவில்லை. 7.5-இலிருந்து 2.7 வரை இறங்கியது 4.8 படி, பெருக்கினால் 60,000 மடங்குக்கும் மேல் அமிலம். நீச்சல் குழுவில் நூற்றுக்கு 39 பேர் பல் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். நீந்தாதவர்களில் அப்படிச் சொன்னது நூற்றுக்கு 3 பேர்.

பல்லுக்கு முன்னால் குளமே கரையும். ஏழுக்குக் கீழே டைல்ஸ் இடுக்கின் சிமெண்ட் அரிக்கும், பம்பின் உலோகம் அரிக்கும். பொன்னிற முடிக்காரர்களுக்கு நீச்சல் குளத்தில் முடி பச்சையாவதும் குளோரினால் அல்ல, இப்படிக் கரைந்து வந்த தாமிரத்தால். கறுப்பு முடிக்காரர்களான நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே 7.2-இலிருந்து 7.8 வரை ஒரு குறுகலான சந்து; அதற்குள்தான் நடக்க வேண்டும். நம் கண்ணீரின் பிஎச்சும் 7.4 பக்கம் என்பது ஒரு வசதி.

அதற்காகக் குளத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பிஎச்சைப் பிடித்து நிறுத்துவதும் தப்பு. ரியோ ஒலிம்பிக்கில் 2016 ஆகஸ்ட் 9 அன்று மரியா லெங்க் அரங்கின் டைவிங் குளம் பாசிப் பச்சையாக மாறி உலகமே பார்த்தது. அடுத்திருந்த வாட்டர் போலோ குளமும் பின்தொடர்ந்தது. ரசாயனம் தீர்ந்துபோனதால் பிஎச் எல்லை தாண்டிவிட்டது என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் முதலில் அறிவித்தது. சில நாள் கழித்து அமைப்பாளர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 5 அன்று யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் ஊற்றியிருந்தார்கள். பெராக்சைடும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு உப்பும் ஆக்சிஜனும் தண்ணீருமாக முடிந்துபோகும். காவலுக்கு ஆளில்லாத குளத்தில் பாசி குடியேறியது. பிஎச் எத்தனை ஒழுங்காக இருந்தாலும், குளோரினே இல்லாத குளத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, சித்தப்பாவின் குப்பிக்கு வருவோம். அவர் அளந்த விதத்தில் இரண்டு மூன்று சங்கதி எனக்கு உறுத்தியது. தண்ணீரை மேலாக மொண்டார். மேல்மட்டத் தண்ணீர் வெயிலும் காற்றும் தூசும் பட்டது. முழங்கை முழுகும் ஆழத்தில், தண்ணீர் வந்து விழும் வாய்க்கு எட்டத்தில் எடுக்க வேண்டும். சொட்டு விட்டபின் கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கினார். விரலின் வியர்வையும் அமிலம்தான். மூடியைப் போட்டு மெல்லச் சாய்த்தாலே கலந்துவிடும். வேகமாகக் குலுக்கினால் வேறொரு விபரீதமும் உண்டு, அதுதான் இந்தக் கதையின் மையம், சற்றுப் பொறுங்கள். நிறத்தை நீல டைல்ஸ் பின்னணியில் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பிடித்தாரே, அது மட்டும் சரி.

இன்னொரு பொறியும் இருக்கிறது. குளோரின் கொட்டிய கையோடு சோதித்தால் குப்பியில் ரோஸும் வராது, மஞ்சளும் வராது. நாவற்பழ ஊதா வரும். பிஎச் எகிறிவிட்டது என்று பதறி ஆசிட்டைத் தூக்குவார்கள். உண்மையில் அளவுக்கு மிஞ்சிய குளோரின் ஃபீனால் ரெட்டையே பிடித்து வேறு சாயமாக மாற்றிவிட்டது. அந்தப் புதுச் சாயம் ஏழிலேயே ஊதா காட்டும். குளோரின் இறங்கும்வரை காத்திருந்து மறுபடி சோதிப்பதுதான் வழி.

அளக்க வேண்டிய பொருளே அளவுகோலைக் கெடுக்கும் இந்தச் சிக்கல் பழையது. கலிஃபோர்னியாவின் பழ விவசாயிகள் கூட்டமைப்பில் வேலை பார்த்த வேதியியலர் ஒருவர் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்கத் திணறினார். சாறு கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸ் தாளை வெளுத்துவிட்டது. அவர் போய் நின்றது பழைய கல்லூரித் தோழர் ஆர்னால்ட் பெக்மனிடம். கண்ணாடி மின்வாயை ஃபிரிட்ஸ் ஹாபரும் கிளெமென்சிவிச்சும் 1909-லேயே, அதாவது சோரன்சென் எண்ணைக் கொடுத்த அதே ஆண்டில், செய்துவிட்டிருந்தார்கள். அதிலிருந்து வரும் சன்னமான மின்சாரத்தை வால்வுகள் வைத்துப் பெருக்கி, 1934-இல் பெக்மன் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். நிறத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இன்று ஆன்லைனில் விற்கும் மஞ்சள் நிறப் பேனா மீட்டர் அந்தப் பெட்டியின் பேரன். சித்தப்பாவிடமும் ஒன்று இருந்தது, பம்ப் ரூமில், நுனி காய்ந்துபோய். கண்ணாடி நுனி காய்ந்தால் அது சொல்லும் எண் பொய். கூடவே கொடுத்த 6.86, 9.18 பொட்டலங்களைக் கரைத்து அவ்வப்போது சரிபார்க்காவிட்டாலும் பொய். சோம்பேறிகளுக்குச் சொட்டு மருந்துக் குப்பியே மேல் என்பது என் கட்சி.

மீட்டரைத் தேடிப் போன இடத்தில்தான் பம்ப் ரூமைப் பார்த்தேன். ஆசிட் கேனும் குளோரின் கேனும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டும் கசிந்து சேர்ந்தால் உண்டாவது முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் விட்ட அதே குளோரின் வாயு. முதல் வேலையாக ஆசிட்டைத் தோட்டத்துச் சாளைக்கு மாற்றினோம். தூக்கிய இடத்தில் பின்னால் ஒரு மூட்டை தெரிந்தது. 25 கிலோ ஆப்ப சோடா.

"இது எதுக்குங்க சித்தப்பா?"

"அல்கலினிட்டி கொறஞ்சா போடோணும்னாங்க. நூத்திருபதுக்குக் கீழ போகக் கூடாதாமா. எதுக்கும் இருக்கட்டும்னு நூத்தி நாப்பதுல வெச்சுக்குவேன்."

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 40,000 லிட்டர் சுத்தமான தண்ணீர், வேறு எதுவுமே கரையாதது, பிஎச் 8-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 7.5-க்கு இறக்க எவ்வளவு ஆசிட் வேண்டும்? கடைகளில் கிடைக்கும் 33 சதவிகித ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று மில்லிகூட வேண்டாம். அரை டீஸ்பூன். சித்தப்பாவின் குளத்துக்கோ அரை லிட்டர் வேண்டியிருக்கிறது. இருநூறு மடங்கு வித்தியாசம். மீதி ஆசிட்டைக் குடித்தது பைகார்பனேட். மூட்டையில் இருந்த ஆப்ப சோடாவும் பைகார்பனேட்தான்.

உப்புத்தண்ணியில் இது இயல்பாகவே நிறைய உண்டு. மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்து வந்தது. பைகார்பனேட் உள்ளே வரும் அமிலத்தை மடியில் வாங்கிக்கொள்ளும், பிஎச்சை அவ்வளவு சீக்கிரம் அசைய விடாது. இந்தத் தாங்குசக்திக்குத்தான் அல்கலினிட்டி என்று பெயர். கட்டாயம் வேண்டிய குணம். அது இல்லாத மழைத் தண்ணீரில் ஒரு கப் ஆசிட் விட்டால் பிஎச் கிணற்றில் போட்ட கல்லாக இறங்கும்.

ஆனால் அமிலத்தை வாங்கிக்கொண்ட பைகார்பனேட் என்ன ஆகிறது? கார்பன் டை ஆக்சைடாகிறது. அது கரைந்த நிலையில் தண்ணீரிலேயே நிற்கும். நிற்கும்வரைதான் பிஎச் ஏழரையில் நிற்கும். அல்கலினிட்டி 140, பிஎச் 7.5 என்கிற குளத்தில், வெளிக்காற்றோடு சமாதானமாக இருக்க வேண்டிய அளவைப்போல் சுமார் 15 மடங்கு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. மூடி திறந்த கோலி சோடா மாதிரி, ரொம்ப ரொம்ப லேசான சோடா. கண்ணுக்குக் குமிழி தெரியாது, ஆனால் இரவும் பகலும் வாயு போய்க்கொண்டே இருக்கும். போகப்போகத் தண்ணீரின் அமிலத்தன்மை குறையும், அதாவது பிஎச் ஏறும். யாரும் காரம் எதையும் கொட்ட வேண்டியதில்லை. சும்மா விட்டாலே எட்டரைக்கும் மேலே போய்த்தான் நிற்கும். சித்தப்பா குப்பியைக் குலுக்கியபோதும் இதுதான். உள்ளிருந்த வாயு வெளியேறி, பிஎச் இருந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

கோலி சோடாவைச் சீக்கிரம் சப்பென்று ஆக்க என்ன செய்வோம்? ஆற்றுவோம். டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதுபோல் ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றினால் போதும். கருங்கல் அருவி சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

இப்போது சித்தப்பாவின் வாரத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். திங்கள் அரை லிட்டர் ஆசிட், வியாழன் அரை லிட்டர். ஒவ்வொரு அரை லிட்டரும் அல்கலினிட்டியில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் தின்னும், வாரத்துக்குப் பதினான்கு. அது குறைந்ததே என்று ஞாயிற்றுக்கிழமை சுமார் 900 கிராம் ஆப்ப சோடா. ஆசிட்டும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் என்ன வரும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்: சாப்பாட்டு உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. வாரத்துக்கு 600 கிராமுக்கு மேல் உப்பு, 250 லிட்டருக்கு மேல் சோடா வாயு. வாயு பாக்குத் தோப்புக்குப் போனது, உப்பு குளத்தில் தங்கியது. இரண்டு வருடமாக அவர் சொந்தச் செலவில் ஒரு சோடா கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். நான் இதைச் சொன்னதும் சித்தி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு பின்கட்டு வரை கேட்டது.

சித்தப்பா மேல் குற்றமில்லை. ஒவ்வொரு அட்டவணையும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். பிஎச் இவ்வளவு, அல்கலினிட்டி இவ்வளவு என்று இரண்டு கட்டம் போட்டிருப்பார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும் என்பதை அட்டவணையில் எழுத இடமில்லை. அதிலும் பல அட்டவணைகள் டிசிசிஏ வில்லை போடும் குளங்களை நினைத்து எழுதியவை. வில்லை புளிப்பானது, பிஎச்சையும் அல்கலினிட்டியையும் தினமும் கொஞ்சம் கீழே இழுக்கும். அங்கே ஆப்ப சோடா தேவைதான். லிக்விட் குளோரின் வேறு ரகம். ஊற்றும்போது அது பிஎச்சை ஏற்றும், ஆனால் கிருமியோடும் வெயிலோடும் மல்லுக்கட்டித் தீரும்போது அதே அளவு அமிலத்தை விட்டுப்போகும். கடைசியில் கணக்கு ஏறக்குறைய நேர். எனவே கேன் ஊற்றும் குளத்தில் பிஎச் ஏறுகிறது என்றால் வாயு போகிறது என்று அர்த்தம். புதிதாகக் கட்டிய குளமாக இருந்தால் மட்டும், சிமெண்டின் சுண்ணாம்பு கரைந்து மாதக்கணக்கில் பிஎச்சை ஏற்றும். இவருடையது அந்த வயதைத் தாண்டிவிட்டது.

டைல்ஸ் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது, சுரண்டினால் நகத்தில் மாவாக வந்தது. கீசருக்குள்ளும் இட்லிப் பானையின் அடியிலும் படியும் அதே கால்சியம் கார்பனேட். கடினத் தண்ணீர், அதிக அல்கலினிட்டி, அதிக பிஎச், வெயில், நான்கும் கூடினால் சுண்ணாம்பு கரைந்திருக்க மாட்டேன் என்று வெளியே வந்துவிடும். எப்போது படியும், எப்போது அரிக்கும் என்பதற்குக் குடிநீர்க் குழாய்களை வைத்து 1936-இல் பெர்க்லி பேராசிரியர் லாங்லியர் ஒரு சூத்திரம் தந்தார். குளத்துக்காரர்கள் இன்றும் அதைத்தான் கடன் வாங்குகிறார்கள்.

செய்தது கொஞ்சம்தான். மூட்டையை மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளினோம். ஆசிட் ஊற்றுவதைத் தொடர்ந்து, அல்கலினிட்டி தானாக இறங்கட்டும் என்று விட்டோம். வாரம் பதினான்கு வீதம் ஒரு மாதத்துக்குள் 80-ஐத் தொட்டது, அங்கே நிறுத்திப் பிடித்தோம். இதனால் பிஎச் ஏறும் வேகம் பிரமாதமாகக் குறைந்துவிடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எட்டிலிருந்து ஏழரைக்கு இறக்க அரை லிட்டருக்குப் பதில் 300 மில்லி போதும். வேகத்தைக் குறைத்தது அருவியை நிறுத்தியதுதான். இன்னொன்று, 7.2-க்கு இறக்கினால் ரொம்ப நாள் தாங்கும் என்று அவர் நினைத்திருந்தார். நேர்மாறு. கீழே இறக்க இறக்கக் கரைந்த வாயு கூடுகிறது, கூடினால் வேகமாக ஓடும். 7.6-இல் நிறுத்தி, 7.8 தாண்டினால் மட்டும் கை வைப்பது என்று முடிவாயிற்று.

ஊற்றும் முறையையும் மாற்றினோம். பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு அதில் ஆசிட், ஒருபோதும் தலைகீழாக இல்லை. காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கம் சுற்றி நடந்தபடி ஊற்ற வேண்டும். கணக்குச் சொல்லும் அளவில் பாதியை ஊற்றிவிட்டு, மறுநாள் காலை குப்பியைப் பார்த்தபின் மீதி. அன்றைக்கே குளோரினும் ஊற்ற வேண்டியிருந்தால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம். மளிகைக் கடையில் கழிவறைக்கு விற்கும் மஞ்சள் நிற ஆசிட்டையும் விட்டுவிடச் சொன்னேன். அந்த மஞ்சள் இரும்பு. டைல்ஸில் கறையாக உட்காரும்.

மூன்று மாதம் கழித்து லீவில் மறுபடி போயிருந்தேன். வந்த சாயங்காலமே குப்பியைக் காட்டினார். ஆரஞ்சு. கடைசியாக ஆசிட் ஊற்றிப் பதினோரு நாள் ஆகிறதாம். வெள்ளைக் கோட்டைச் சித்தி எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்.

பேத்தி குளத்து விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காய்ந்து கிடந்த கருங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, அருவியப் போடுங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தோப்பைப் பார்த்தேன்.

"அரமணி நேரந்தாஞ் சாமி," என்று சொல்லிவிட்டு பம்ப் ரூமுக்குப் போனார். ஒரு மணி நேரமாகியும் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.